துணியா, டயப்பரா?

(பாஞ்சாலங்குறிச்சியில் கூடிய தாய்மார்கள் கூட்டத்தில், குழந்தைகள் பிரிவின் மூத்த செவிலியர் ஆற்றிய உரை. பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போகும்போது என்ன வாங்கிச் செல்லலாம் என்று ஆதரவாளர்கள் பலரும் கேட்பதால் இங்கே அச்சிடுகிறோம்.)



பிள்ளைக்கு இடுப்பில் எதைக் கட்டுவது என்று பேச ஒரு கூட்டம் வேண்டுமா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். பிரசவ வார்டில் வந்து பாருங்கள். ஆச்சி பழைய வேட்டியைத் துவைத்து, கிழித்து, மடித்து ஒரு மஞ்சள் பையில் கொண்டு வந்திருப்பார். பிள்ளையின் தகப்பன் மருந்துக்கடையில் ஒரு டயப்பர் பாக்கெட் வாங்கி வந்திருப்பான். "பிளாஸ்டிக்கைக் கட்டினால் பிள்ளைக்குச் சூடு பிடிக்கும்" என்பார் ஆச்சி. "ராத்திரியெல்லாம் மாற்றவும் பகலெல்லாம் துவைக்கவும் யார் இருக்கிறார்கள்?" என்பாள் பிள்ளைத்தாய்ச்சி. இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் உண்டு. அந்த நியாயங்களைச் சற்று நிதானமாகப் பிரித்துப் பார்க்கலாம்.

பெத்லகேமில் பிறந்த பாலகனையும் தாய் துணியில்தானே சுற்றினாள், ஆகவே துணிதான் சரி என்று வாதிட நான் வரவில்லை. டயப்பர்தான் நாகரிகம் என்று சொல்லவும் வரவில்லை. மூன்று கேள்விகளை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன். பிள்ளையின் தோலுக்கு எது நல்லது? வீட்டின் கையிருப்புக்கு எது கட்டுப்படியாகும்? கழற்றிப் போட்ட பிறகு அது யார் கையில் போய்ச் சேருகிறது? முதல் இரண்டையும் எல்லாரும் கேட்கிறோம். மூன்றாவதைத்தான் கேட்பதில்லை.

கேள்விகளுக்கு முன், டயப்பர் என்பது என்ன என்று தெரிந்துகொள்வோம். 1951-ல் அமெரிக்காவில் மேரியன் டோனவன் என்ற தாய், துணி நாப்கினுக்கு மேல் போடும், ஈரம் வெளியே கசியாத உறை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். 1961-ல் புராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனம் பேம்பர்ஸ் என்ற பெயரில் ஒருமுறை மட்டும் கட்டும் டயப்பரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எந்தக் கம்பெனி டயப்பரானாலும் கடையில் "பேம்பர்ஸ் ஒன்று கொடுங்கள்" என்று நம் ஊரில் கேட்கும் அளவுக்கு அந்தப் பெயர் பரவிவிட்டது.

ஒரு டயப்பரைப் பிரித்துப் பார்த்தால், தோலைத் தொடும் மேல்பக்கம் துணி போலவே இருக்கும். அது நெய்த துணியன்று, பிளாஸ்டிக் இழை. அடிப்பக்கம் ஈரத்தை வெளியே விடாத பிளாஸ்டிக் தாள். நடுவில் மரக்கூழிலிருந்து செய்த பஞ்சும், சீனி போன்ற சிறு மணிகளும் இருக்கும். அந்த மணிகள்தான் ஈரத்தை உறிஞ்சிக் கூழாகிவிடுகின்றன. நல்ல தண்ணீரைத் தங்கள் எடையைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு உறிஞ்சும். சிறுநீரில் உப்பு இருப்பதால் அதில் வெகுவாகக் குறைந்து, சுமார் 30 மடங்கு உறிஞ்சும். அதுவே பிள்ளைக்கு ஒரு ராத்திரிக்குப் போதும்.

இப்போது முதல் கேள்வி, தோல். பிள்ளையின் தொடையிடுக்கு சிவந்து புண்ணாவதற்கு டயப்பர்தான் காரணம் என்று ஆச்சிமார் சொல்வீர்கள். துணி கட்டிய பிள்ளைகளும் அதே புண்ணோடு எங்களிடம் வருகிறார்கள். புண்ணுக்குக் காரணம் ஈரம், உரசல், மலமும் சிறுநீரும் தோலில் வெகுநேரம் தங்குவது ஆகியவையே. துணி நனைந்தவுடன் பிள்ளை அழும், நாம் மாற்றிவிடுவோம். டயப்பர் ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்வதால் பிள்ளை அழாது, நாமும் மறந்துவிடுவோம். குற்றம் பொருளில் இல்லை, மறதியில் இருக்கிறது. ஆகவே டயப்பர் கட்டினால் பகலில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறையாவது பார்த்து மாற்றுங்கள். மலம் கழித்தால் அந்த நிமிடமே மாற்ற வேண்டும். "ஒரு டயப்பர் பன்னிரண்டு மணி நேரம் தாங்கும்" என்பது டயப்பரைப் பற்றிய பேச்சு. பிள்ளையின் தோல் பன்னிரண்டு மணி நேரம் தாங்குமா என்பது வேறு பேச்சு.

துணியில் ஒரு பெரிய நன்மை உண்டு. பிறந்த முதல் வாரங்களில், பிள்ளைக்குத் தாய்ப்பால் போதுமா என்று கண்டுபிடிக்கச் சிறுநீர்தான் நமக்குத் தராசு. நாலாம் ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் ஆறு தடவைக்குக் குறையாமல் பிள்ளை சிறுநீர் கழித்தால் பால் போதுமான அளவு இறங்குகிறது என்று பொருள். துணி கட்டினால் இதை எண்ணிவிடலாம். டயப்பரில் இரண்டு தடவையா நான்கு தடவையா என்று தெரியாது. "பால் பற்றவில்லை" என்று பயந்து புட்டிப்பாலுக்குப் போகும் தாயிடம் நாங்கள் முதலில் கேட்பதும் ஈரத்துணி எத்தனை என்றுதான். ஆகையால் முதல் மாதம் பகலிலாவது துணி கட்டுங்கள்.

துணியில் இரண்டு ஆபத்துகளும் உண்டு. ஒன்று, பீரோவில் பாச்சை உருண்டை போட்டு வைத்த துணி. சில ஊர்களில் அந்துருண்டை என்பார்கள். அந்த நாப்தலீன் உருண்டையின் வாடை ஏறிய துணியில் பச்சைப்பிள்ளையைக் கிடத்தக்கூடாது. ஜி-6-பி-டி என்ற ஒரு சத்து இரத்தத்தில் குறைவாக உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள், பார்த்தால் தெரியாது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு அந்த வாடை பட்டாலே இரத்த அணுக்கள் உடைந்து, கடுமையான மஞ்சள் காமாலை வந்துவிடும். அது மூளையைத் தாக்கும் அளவுக்கும் போகலாம். பிரசவத்துக்கென்று எடுத்து வைக்கும் துணியில் உருண்டை போடவே வேண்டாம். வேப்பிலை போதும். மறுபடி துவைத்து வெயிலில் காயவைத்த பிறகே பயன்படுத்துங்கள்.

இரண்டாவது, நூல் துணி என்று நினைத்து நைலக்ஸ், பாலியஸ்டர் கலந்த சேலையைக் கிழிப்பது. இந்தக் கரிசல் பூமி கருங்கண்ணிப் பருத்தி விளைந்த பூமி. நூல் வேட்டியும் நூல் சேலையும் அன்று வீட்டுக்கு வீடு இருந்தன. இன்று பெட்டியைத் திறந்தால் பாதிக்கு மேல் கலப்புத் துணி. அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உள்ளே இழுத்தால் கட்டலாம். முத்துப்போல் மேலே நின்றால் அது ஈரம் உறிஞ்சாது, பிள்ளையின் தோலைத்தான் உரசும்.

எதைக் கட்டினாலும் பவுடர் தூவ வேண்டாம். பவுடர் ஈரத்தில் கட்டியாகி உரசும். பறந்தால் பிள்ளையின் மூச்சுக்குள் போகும். தண்ணீரால் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, சற்று நேரம் ஒன்றும் கட்டாமல் காற்றாட விடுங்கள். பெண்பிள்ளைக்கு முன்னாலிருந்து பின்னாலாகத் துடையுங்கள். டயப்பர் கட்டினால் கால் வளைந்துவிடும் என்ற பயம் வேண்டாம், அப்படி ஆவதில்லை. இரண்டு காலையும் நேராக நீட்டி இறுக்கிச் சுற்றுவதுதான் இடுப்பு மூட்டுக்குக் கெடுதல். சிவப்பு மூன்று நாளில் மாறாவிட்டால், அல்லது மடிப்புகளில் சிறு சிறு புள்ளிகளோடு பரவினால், அது பூஞ்சைக் காளானாக இருக்கலாம். ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

இரண்டாவது கேள்வி, வீட்டுக் கணக்கு. டயப்பர் ஒன்று பத்து ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு ஆறு என்றால் மாதம் 1,800 ரூபாய். காட்டு வேலைக்கும் உப்பளத்துக்கும் போகிற வீட்டில் அது பல நாள் கூலி. அந்தக் கூலிக்குப் பயந்துதான் ஒரே டயப்பரைக் காலையிலிருந்து மாலைவரை விடுகிறார்கள், புண்ணும் வருகிறது.

அப்படியானால் துணி இலவசமா? இல்லை, அதற்கும் விலை உண்டு. அதைப் பணமாகக் கொடுப்பதில்லை, தண்ணீராகவும் உழைப்பாகவும் கொடுக்கிறோம். ஒரு நாளின் துணியை நனைக்க ஒரு வாளி, சோப்புப் போட ஒரு வாளி, அலச இரண்டு வாளி என்றால், 15 லிட்டர் வாளியில் 60 லிட்டர் ஆகிறது. 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு என்று வகுத்த அளவே 55 லிட்டர்தான். அதாவது, மூன்று கிலோ எடையுள்ள பிள்ளையின் துணிக்கு ஒரு முழு ஆளின் பங்குக்கு மேல் வேண்டும். தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வரும் நேரம் பார்த்துக் குடம் வைத்துக் காத்திருக்கிற வட்டாரத்தில் இது சின்னக் காரியமல்ல. உப்புத் தண்ணீரில் துவைத்தால் சோப்பு நுரைக்காது. காய்ந்த துணி மொடமொடவென்று ஆகிப் பிள்ளையின் தொடையை அறுக்கும். துவைப்பது உப்புத் தண்ணீரானாலும் கடைசி அலசலாவது நல்ல தண்ணீராக இருக்கட்டும்.

இனி உழைப்பைப் பாருங்கள். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் ஏறக்குறைய 45 ஆபரேஷன் பிரசவங்கள். வயிற்றில் தையலோடு வீட்டுக்கு வருகிறவள் குனிந்து கல்லில் துவைக்கவும், வாளி தூக்கவும் கூடாது. துவைக்க வேறு கை இல்லாத வீட்டில், "துணிதான் நல்லது" என்று சொல்வது அந்தத் தாயின் தையலின் மேல் பாரம் ஏற்றுவதாகும். இரட்டைப் பிள்ளை பெற்றவள், குறைமாதப் பிள்ளையை நெஞ்சோடு அணைத்து வைத்திருக்கிறவள், மூளை வளர்ச்சிக் குறைவினால் பத்து வயதிலும் சொல்லத் தெரியாத பிள்ளையைப் பேணுகிறவள் ஆகிய இவர்களுக்கு டயப்பர் ஆடம்பரமல்ல, அது ஒரு தயவு. டிசம்பர் 2023-ல் பெய்த பெருமழையில் நம் மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாட்களில் துணி எங்கே காயும்? அன்று கையில் இருக்கும் நாலு டயப்பர்தான் பிள்ளையைக் காப்பாற்றும்.

ஆனால் வெயில் நமக்குக் குறைவில்லை. இதன் மதிப்பை அயல்நாட்டார் கணக்கிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2008-ல் ஒரு ஆய்வை வெளியிட்டது. ஒரு பிள்ளைக்கு இரண்டரை வருஷம் டயப்பர் கட்டினால் பூமியைச் சூடாக்கும் வாயு சுமார் 550 கிலோ அளவுக்கு வெளியாகிறது. துணி கட்டினால் சுமார் 570 கிலோ. துணிக்குத்தான் அதிகம்! காரணம், அங்கே மின்சார மெஷினில் சூடான தண்ணீரில் துவைத்து, பலர் மெஷினிலேயே உலர்த்துகிறார்கள். மெஷின் நிறைய நிறையத் துவைத்து, வெளியே கொடியில் காயப்போட்டு, அதே துணியை அடுத்த பிள்ளைக்கும் வைத்துக்கொண்டால் இது 40 சதவீதம் குறையும் என்று அதே ஆய்வு சொன்னது. 2023-ல் வந்த புதிய கணக்கில் துணி, டயப்பரைவிட ஏறக்குறைய 25 சதவீதம் குறைவு. அவர்கள் ஆய்வு செய்து கண்டுபிடித்த கொடியும் வெயிலும் மூத்த பிள்ளையின் துணியும் பாஞ்சாலங்குறிச்சியில் ஆச்சிமார் காலங்காலமாக வைத்திருப்பவை.

இப்போது மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். கழற்றிய பிறகு யார் கையில்?

துணியைப் புகழும்போது, அதைத் துவைத்த கைகளை நாம் மறந்துவிடுகிறோம். பிள்ளை பெற்ற வீட்டுத் துணியைத் தீட்டு என்று ஒதுக்கி, அதை வெளுப்பதற்கென்றே சிலரைத் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்தது நம் சமுதாயம். நம் தென்மாவட்டங்களில் புதிரை வண்ணார் என்ற மக்கள், ஒடுக்கப்பட்டவர்களின் வீட்டுத் துணியையும் பிரசவத் துணியையும் வெளுத்து, ஒடுக்கப்பட்டவர்களாலேயே ஒதுக்கப்பட்டார்கள். 2009-ல்தான் அவர்களுக்கென்று தமிழக அரசு ஒரு நல வாரியம் அமைத்தது. "எங்கள் காலத்தில் துணிதான்" என்று பெருமையாகச் சொல்லும்போது, அது யார் கையால் வெளுத்தது என்றும் சொல்ல வேண்டும்.

டயப்பர் வந்ததால் அந்தப் பாரம் போய்விட்டதா? கை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். நாம் மலத்தோடு சுருட்டிக் குப்பையில் போடுகிற டயப்பரை, ஊராட்சியில் தூய்மைக் காவலர் எடுக்கிறார். பட்டணத்தில் தூய்மைப் பணியாளர் எடுக்கிறார். தூத்துக்குடி மாநகராட்சியின் குப்பை தருவைகுளம் உரக்கிடங்குக்குப் போகிறது. தருவைகுளம் நமக்குப் பக்கத்து ஊர். டயப்பர் உரமாகாது. அதைப் பிரித்து எடுப்பது ஒரு மனிதக் கைதான். குப்பைக்கும் கொடுக்காதவர்கள் ஓடையில் எறிகிறார்கள். நாய் இழுத்துத் தெருவெல்லாம் பரப்புகிறது. சிலர் கொல்லையில் போட்டுக் கொளுத்துகிறார்கள். ஈரக்கூழ் எரியாது, பிளாஸ்டிக் மட்டும் புகையும். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது தொட்டிலில் கிடக்கும் அதே பிள்ளை.

புனே நகரத்தில் குப்பை பொறுக்கும் பெண்கள் சேர்ந்து நடத்தும் 'ஸ்வச்' என்ற கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. நாப்கினையும் டயப்பரையும் வெறுங்கையால் பிரிக்கும் அவலத்தை அவர்கள் ஊரறியச் சொன்னார்கள். 2013-ல், பயன்படுத்திய நாப்கின்களைப் பைகளில் கட்டி, அவற்றைத் தயாரிக்கும் கம்பெனிகளுக்கே அனுப்பி வைத்தார்கள். செய்தித்தாளில் சுற்றி ஒரு சிவப்புப் புள்ளி வைத்துக் கொடுங்கள், நாங்கள் கை வைக்காமல் தெரிந்துகொள்வோம் என்று 2017-ல் அந்த நகரத்து வீடுகளைக் கேட்டுக்கொண்டார்கள். 2016-ல் மத்திய அரசு வெளியிட்ட திடக்கழிவு விதிகளும், நாப்கின், டயப்பர் ஆகியவற்றைச் சுற்றிக் கொடுக்கவேண்டும், அதற்கான உறையைக் கம்பெனியே தரவேண்டும் என்று கூறின. ஒரு சிவப்புப் புள்ளிக்கு எவ்வளவு செலவாகும்? அதை வைக்கிறவர் வீட்டில் ஒரு நிமிடம். எடுக்கிறவருக்கு மானமும் சுகமும்.

ஆகவே, இந்த மூன்று கேள்விகளையும் சேர்த்துப் பார்த்து நான் சொல்லக்கூடியது இதுதான். வெயிலும், தண்ணீரும், துவைக்க இன்னொரு கையும் உள்ள வீட்டில் பகலில் துணி. இரவிலும், பஸ் பிரயாணத்திலும், விடாமழையிலும், தாய்க்கு முடியாத நாட்களிலும் டயப்பர். இரண்டில் எதுவானாலும், அதன் அழுக்கை நாமே நீக்கிவிட்டுத்தான் அடுத்தவர் கைக்குக் கொடுக்க வேண்டும்.

அதற்குச் சில முறைகள். துணி 25 முதல் 30 வரை வைத்துக்கொள்ளுங்கள். புதுத்துணியானால் மல் துணி நல்லது. கஞ்சி போகத் துவைத்த பிறகே கட்டுங்கள். மூடியுள்ள வாளி ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள். வாளியில் தண்ணீர் இருந்தால் தவழும் பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மலத்தை முதலில் கழிப்பறையில் கொட்டிவிட்டுத் துணியை நனையுங்கள். டயப்பரானாலும் இதேபோல் மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, அதன் பிறகே சுருட்டுங்கள். டயப்பரைக் கழிப்பறைக்குள் போடாதீர்கள், அடைத்துக்கொள்ளும். பச்சைப்பிள்ளையின் மலம்தானே என்று நினைக்க வேண்டாம். வயிற்றுப்போக்குக் கிருமி அதிலும் உண்டு. அந்தத் தண்ணீரை ஊருணிப் பக்கமோ அடிபம்புப் பக்கமோ ஊற்றாதீர்கள். துணியில் சோப்பும் டெட்டாலும் தங்காதபடி நன்றாக அலசி, நல்ல வெயிலில் விறைப்பாகக் காயவையுங்கள். ஊக்கு குத்தாமல் நாடா வைத்துக் கட்டுங்கள். துணிக்கு மேல் பிளாஸ்டிக் ஜட்டி போட்டால் துணியின் நன்மையெல்லாம் போய்விடும். மாற்றிய பிறகு, அதாவது ஒவ்வொரு தடவையும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். டயப்பரைச் செய்தித்தாளில் சுற்றி, சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்து, தனியாகக் கொடுங்கள். வாங்க வருகிறவரிடம் அந்தப் புள்ளி எதற்கென்று ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

தகப்பன்மாருக்கு ஒரு வார்த்தை. துவைக்க இன்னொரு கை என்று சொன்னேன். அந்தக் கை மாமியாருடையதோ கூலிக்கு வருகிறவளுடையதோதான் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. வேலைக்குப் போகும் முன் இரண்டு வாளித் தண்ணீர் எடுத்து வைத்து, பத்துத் துணியை அலசிக் கொடியில் போட்டுவிட்டுப் போனால், உங்கள் வீட்டில் துணியா டயப்பரா என்ற சண்டை பாதி தீர்ந்துவிடும்.

கடைசியாக, பிள்ளையைப் பார்க்கப் போகிற சொந்தக்காரருக்கும் சபை மக்களுக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். 2015-ல் தமிழக அரசு, அரசு ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைகளுக்காகத் தொடங்கிய 16 பொருள் அடங்கிய பரிசுப் பெட்டகத்தில் துண்டு, சட்டை, கொசுவலையோடு நாப்கினும் இருந்தது. பிள்ளைக்குத் தேவை எது என்று யோசித்துக் கொடுத்த பரிசு அது. நாமும் அப்படி யோசிக்கலாம். பவுடர் டப்பாவும் வாசனை சோப்பும் வேண்டாம். பாச்சை உருண்டை வாடை ஏறாத, தண்ணீர்ச் சொட்டுச் சோதனையில் தேறிய நாலு நூல் வேட்டியைத் துவைத்துக் கிழித்து, ஓரம் மடித்துத் தைத்துக் கொண்டுபோங்கள். ஆபரேஷன் ஆன வீடென்றால் கூடவே ஒரு சிறு டயப்பர் பாக்கெட்டும், பழைய செய்தித்தாள் கட்டும் எடுத்துச் செல்லுங்கள். பிள்ளையை மடியில் வாங்கிக் கொஞ்சிவிட்டு உடனே புறப்பட்டுவிடாதீர்கள். புறக்கடையில் அன்றைய துணி நனைந்து கிடக்கும். தாயிடம் கேட்க வேண்டாம், கேட்டால் வேண்டாம் என்பாள். நீங்களே அலசிக் கொடியில் போட்டுவிட்டு வாருங்கள்.